கழுகும் மணற்கேணியும்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சின்னத்தில் ஒரு லத்தீன் வாசகம் இருக்கிறது: 'டாக்ட்ரினா விம் ப்ரோமோவெட் இன்ஸிடம்.' பட்டம் வாங்கியவர்களிடம் அதற்குப் பொருள் கேட்டால் பலரும் விழிப்பார்கள். 'உள்ளே ஊன்றியிருக்கும் ஆற்றலைக் கல்வி வளர்க்கிறது' என்பது பொருள். அதற்கு இணையாகத் தமிழிலும் ஒரு தொடர் வழங்குகிறது. திருக்குறளின் கல்வி அதிகாரத்து மணற்கேணியிலிருந்து பிறந்த தொடர் அது. இரண்டும் ஒரே கருத்துத்தான் என்று மேடைகளில் பூரிக்கிறார்கள். ஒன்றல்ல என்பது என் கட்சி.

லத்தீன் வாசகத்தின் பிறப்பைப் பாருங்கள். அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் மனைவி லிவியாவுக்கு முதல் கணவர் வழியில் பிறந்த மகன் துருசுஸ். அவன் கி.மு. 15-ல் ஆல்ப்ஸ் மலைநாட்டில் வென்றதைப் புகழ்ந்து ரோமாபுரிக் கவிஞர் ஹொராஸ் பாடிய பாட்டில் அது வருகிறது. வீரர் வயிற்றில் வீரர் பிறப்பர், கழுகுக்குப் புறா பிறக்காது என்று முதலில் குலத்தைக் கொண்டாடுகிறார் கவிஞர். பிறகுதான், 'ஆனால்' என்று தொடங்கிக் கல்வியின் பெருமைக்கு வருகிறார். சென்னை எடுத்துக்கொண்டது, அந்த 'ஆனால்' உதிர்ந்த நான்கு சொற்களை. கழுகு மறைந்துவிட்டது, ஆனால் செத்துவிடவில்லை.

அது எங்கே இருக்கிறது என்கிறீர்களா? 'உள்ளே ஏதாவது இருந்தால்தானே ஐயா வளர்ப்பதற்கு?' என்று கேட்கும் பெரிய மனிதர்களின் நாவில் இருக்கிறது. பாலவனத்தம், திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் பிறந்த பிள்ளை கணக்கில் தடுமாறினால், 'இவனுக்குப் படிப்பு ஏறாது, வேறு வேலைக்கு அனுப்புங்கள்' என்று அப்பனிடம் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளையின் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர்கள் போலத்தான் பேச்சு!

அவர்கள் ஒருமுறை கோடையில் குண்டாற்றைப் பார்க்க வேண்டும். திருச்சுழியை ஒட்டி ஓடும் அந்த ஆற்றில் மேலே பார்த்தால் மணல்தான். அந்த மாதிரி ஆற்று மணலில்தான் நம் பெண்கள் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் கோரிக் குடம் நிறைத்தார்கள். தண்ணீர் வரவில்லையென்றால் மணலின் குலத்தை விசாரிக்கவில்லை. இன்னும் ஒரு முழம் தோண்டினார்கள். வள்ளுவர் சொன்னதும் இதுதான். தோண்டிய அளவுக்கு நீர், கற்ற அளவுக்கு அறிவு. யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் பெரிய இடத்தில் பிறந்தவர். கழுகுக் கூட்டில் பிறந்தவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டின் பெருமை பேசி அவர் காலம் கழித்திருக்கலாம். அவரோ 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். புத்தகசாலையும் கலாசாலையும் அச்சுக்கூடமும் 'செந்தமிழ்' இதழும் பண்டிதத் தேர்வுகளும் அதிலிருந்து பிறந்தன. 1911-ல், நாற்பத்தைந்து வயதுகூட நிரம்பாமல் அவர் மறைந்தார். தோண்டி வைத்த கேணி மட்டும் மற்றவர்களுக்கு நின்றது. பாலவனத்தத்தின் பெயரைத் தமிழ் நினைப்பது ஜமீனுக்காகவா, கேணிக்காகவா?

இன்னொரு வேடிக்கை. கழுகைப் பாடிய அதே ஹொராஸின் தகப்பனார் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். மகனை ரோமாபுரிக்கே அழைத்துப் போய், செல்வர் பிள்ளைகளுக்குச் சமமாகப் படிக்க வைத்தவர். அந்தத் தகப்பன், 'நம் குலத்துக்கு இது எதற்கு?' என்று நினைத்திருந்தால், அரசகுமாரனைப் பாட அந்தக் கவிஞனே இருந்திருக்க மாட்டான். பாட்டு கழுகைச் சொல்கிறது. பாடியவன் வாழ்க்கை மணற்கேணியைச் சொல்கிறது.

ஆகவே லத்தீன் வாசகத்தை அழித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதைக் கழுகின் கண்ணால் படிக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். ஒரு பிள்ளை தோற்றால், 'இவன் உள்ளே என்ன இருக்கிறது?' என்று கேட்பதை நிறுத்தி, 'நாம் எத்தனை முழம் தோண்டினோம்?' என்று வாத்தியார் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும். அரை முழத்தில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மணலைப் பழிப்பவருக்கு எந்தப் பாஷையில் வாசகம் எழுதி மாட்டினால் என்ன?