ஒத்துக்கொள்ளாத பால்

2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள், நானூறு கிராம் பால்மாப் பைக்கற் ஒன்றுக்காகக் கொழும்பில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அவ்வேளையில் இலண்டனிலிருந்து மகளின் அழைப்பு வந்தது. அவளுடைய குழந்தைக்கு அப்போது ஏழு வாரம். தாய்ப்பால் போதாதென்று புட்டிப்பாலும் சேர்த்துக் கொடுத்து வந்தாள். குடித்த பாலைக் குழந்தை கக்கிக்கொண்டே இருந்தது. முதுகை வில்லாக வளைத்து இரவிரவாக வீரிட்டது. அந்த ஏழு வாரங்களுக்குள் மூன்று வகைப் பால்மா ரின்கள் திறக்கப்பட்டுப் பாதியில் கைவிடப்பட்டிருந்தன. நான்காவதாக எதை வாங்கலாம் என்று கேட்கவே அழைத்திருந்தாள். இங்கே ஒரு பைக்கற் கிடைக்காமல் நாடே தெருவில் நிற்க, அங்கே எதைத் தெரிவு செய்வதென்று அறியாமல் ஒரு தாய் பேரங்காடித் தட்டுகளின் முன் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

நான் வைத்தியன் அல்லன். நாற்பது ஆண்டுகளாகப் பிறருடைய செய்திகளைத் திருத்தி வந்த பத்திரிகைக்காரன். ஆயினும் கேட்ட மாத்திரத்தில் ஆலோசனை சொல்லும் வியாதி எங்கள் தொழிலோடு ஒட்டிப் பிறந்தது. "ஆட்டுப்பால்மாவைக் கொடுத்துப் பார் பிள்ளை" என்று வரிசையில் நின்றபடியே சொல்லிவிட்டேன். அது பிழையான ஆலோசனை. பசுப்பாலின் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஆட்டுப்பால் மாற்றாகாது. இரண்டின் புரதங்களும் பெரிதும் ஒத்தவை. இதனை நான் அறிந்துகொண்டபோது நான்காவது ரின்னும் திறக்கப்பட்டாயிற்று.

கக்கின பிள்ளை தக்கும் என்பது எங்கள் முதியோர் வாக்கு. இதில் உண்மை நிறையவே உண்டு. உணவுக்குழாயின் அடிவாயிலில் உள்ள தசைவளையம் பச்சைக் குழந்தைகளில் இன்னும் இறுக்கம் பெறாதிருப்பதால் பால் மேலே ஏறிவிடுகிறது. எதுக்களிப்பு என்ற நல்ல தமிழ்ச்சொல் இதற்கு உண்டு. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி நூற்றுக்கு நாற்பது குழந்தைகளுக்காவது இது ஏற்படுகிறது. பெரும்பாலும் எட்டு வாரத்துக்கு முன் தொடங்குகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு வயதுக்குள் தானாகவே அடங்கிவிடுகிறது. எடை ஏறி, சிரித்து விளையாடும் குழந்தை கக்குவது சட்டைக்குத்தான் நட்டம். பச்சை நிறமாகவோ இரத்தத்துடனோ வாந்தி வந்தால், பீறிட்டுப் பாய்ந்தால், எடை ஏறாமல் நின்றால் விடயம் வேறு. அப்போது ரின்னை மாற்றுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும்.

அந்த வழிகாட்டி சொல்லும் ஒழுங்குமுறைதான் என்னை வெகுவாகக் கவர்ந்தது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தை கக்கி அவதிப்பட்டால் முதலில் அது எவ்வளவு குடிக்கிறது, எப்படிக் குடிக்கிறது என்று விசாரிக்க வேண்டும். எடைக்கு மிஞ்சிய அளவென்றால் குறைக்க வேண்டும். அதன்பின் சிறுகச் சிறுக, அடிக்கடி கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால்தான் தடிப்பாக்கிய பால்மா. அதுவும் பயன்தராவிடில் அதனை நிறுத்திவிட்டு, அல்ஜினேற் எனும் மருந்தை ஓரிரு வாரம் பரீட்சித்துப் பார்க்கலாம். அதாவது கடைத் தட்டில் முதலில் கண்ணிற்படுவது, வைத்திய ஒழுங்கில் நான்காம் இடத்துக்கு வருகிறது. என் மகளிடம் எந்தக் கடையும் அளவைக் கேட்கவில்லை. கேட்பது கடைக்காரரின் வேலையுமன்று.

தடிப்பாக்கிய பால்மா என்பது மாப்பொருளோ கரோப் விதைப் பசையோ சேர்த்துக் கனமாக்கப்பட்டது. கனம் கூடுவதால் கக்குவது குறையும். ஆனால் இதில் சிலவற்றை வழமையான சூட்டைவிடக் குறைந்த சூட்டு நீரிலேயே கரைக்க வேண்டுமென்று பெட்டியில் எழுதியிருக்கும். பால்மா கிருமி நீக்கப்பட்ட பொருளன்று. எழுபது பாகை சூட்டுக்குக் குறையாத நீரில் கரைக்கச் சொல்வதே அதிலுள்ள கிருமிகளைக் கொல்வதற்காகத்தான். ஆகவே வைத்தியரிடமோ சுகாதார உத்தியோகத்தரிடமோ கேளாமல் இதனை எடுப்பது உசிதமன்று. கிருமி என்றால் என்னவென்பதை அதே 2022 பெப்ரவரியில் அமெரிக்கா கண்டது. குரோனோபக்ரர் என்ற கிருமி பற்றிய அச்சத்தால் மிச்சிக்கன் மாநிலத்தின் ஸ்ரேர்ஜிஸ் நகரிலிருந்த அபொட் நிறுவனத் தொழிற்சாலை மூடப்பட, உலகின் பெருஞ்செல்வ நாட்டில் பால்மாத் தட்டுகள் வெறுமையாயின. அதிகம் தவித்தவர்கள் ஒவ்வாமையுள்ள குழந்தைகளின் பெற்றோர். வேறு எதையும் கொடுக்க அவர்களால் இயலாது. அந்த மே மாதத்தில் ஜேர்மனியிலிருந்து இராணுவ விமானத்தில் இந்தியானாபொலிஸ் நகருக்கு முதற்றொகுதியாக வந்திறங்கியது இத்தகைய விசேட பால்மாவே. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குக் கொழும்பு வரிசை நினைவுக்கு வந்தது.

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். "பால் ஒத்துக்கொள்ளவில்லை" என்று எம்மவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் முற்றிலும் வெவ்வேறான இரண்டு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பாலிலுள்ள லக்ரோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க இயலாமை. மற்றையது, பாலிலுள்ள புரதத்தை உடலின் காப்பு முறைமை பகையாகக் கருதி எதிர்ப்பது. முன்னையது சகிப்பின்மை, பின்னையது ஒவ்வாமை. பத்திரிகைகளிலே நாங்களே இவ்விரண்டையும் மாறி மாறி எழுதியிருக்கிறோம். என் மேசையைக் கடந்துபோன அத்தகைய பத்திகளுக்கு இன்று வெட்கப்படுகிறேன்.

லக்ரோஸைச் செரிக்கும் ஆற்றல் எங்கள் இனத்தவர் பலருக்கு வளர்ந்த பிறகு குறைந்துவிடுகிறது. ஒரு குவளை பால் குடித்தால் எனக்கு வயிறு பொருமும். அதைக் கொண்டு பேரப்பிள்ளைக்கும் அப்படித்தான் என்று முடிவு கட்டுவது தவறு. தாய்ப்பாலிலேயே லக்ரோஸ் நிறைந்திருக்கிறது. அதைச் செரிக்க முடியாமல் பிறக்கும் குழந்தை மிக மிக அபூர்வம். கடுமையான வயிற்றோட்டத்தின் பின் சில வாரங்களுக்குத் தற்காலிகமாக வருவதுண்டு, அவ்வளவே. ஆகவே லக்ரோஸ் நீக்கிய பால்மா என் மகளின் மூன்றாவது ரின்னாக இருந்தமை எந்தக் காரணமும் அற்றது. அதில் பாற்புரதம் முழுதாக இருக்கிறது. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது எள்ளளவும் உதவாது.

புரத ஒவ்வாமைக்கு வேண்டியது, புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்த பால்மா. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது போதும். மிகக் கடுமையான நிலையில் உள்ள சிலருக்கு மாத்திரம் புரதமே இன்றி அமினோ அமிலங்களால் ஆக்கப்பட்டது தேவைப்படும். இங்கேயும் ஒரு பொறி உண்டு. புரதத்தை அரைகுறையாக உடைத்த பால்மாக்களும் இதமானவை என்ற பாவனையில் கடைகளில் விற்கப்படுகின்றன. ஒவ்வாமைக்கு அவை ஏற்றவையல்ல. சோயாப் பால்மாவை ஆறு மாதத்துக்குள் வைத்தியர் சொல்லாமல் கொடுக்கலாகாது. மணம், சுவை ஆகியவற்றில் இந்த விசேட பால்மாக்கள் அருவருக்கத்தக்கவை, கசக்கும். மகள் காணொளியில் முகத்தைச் சுளித்துக் காட்டினாள்.

ஒரு பத்திரிகைக்காரனின் சந்தேகப் புத்தி இவ்விடத்தில் விழித்துக்கொண்டது. 2018 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வைத்தியர் கிறிஸ் வான் டல்லெக்கன் எழுதிய ஆய்வுக் கட்டுரையைத் தேடி வாசித்தேன். இங்கிலாந்தில் 2006 இல் ஏறத்தாழ ஒரு இலட்சத்து ஐயாயிரமாக இருந்த விசேட பால்மாப் பரிந்துரைகள் 2016 இல் ஆறு இலட்சத்தைத் தாண்டின. செலவு 81 இலட்சம் பவுணிலிருந்து ஆறு கோடி பவுணுக்கு மேல் ஏறியது. நோய் அந்த அளவுக்குப் பெருகியதற்குச் சான்று இல்லை என்றும், வழிகாட்டிகளை எழுதிய வல்லுநர்கள் பலருக்குப் பால்மா உற்பத்தியாளர்களோடு தொடர்பிருந்தது என்றும் அக்கட்டுரை கூறிற்று. பால்மா வியாபாரத்தின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பன்று. 1939 இல் சிங்கப்பூரில் வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ் அவ்வியாபாரத்தைக் கொலைக்கு ஒப்பிட்டுப் பேசியதும், 1981 இல் உலக சுகாதாரப் பேரவை சந்தைப்படுத்தல் கோவையை நிறைவேற்றியபோது அமெரிக்கா மாத்திரம் எதிர்த்து வாக்களித்ததும் பதிவிலுள்ளவை. நான் பத்திரிகையில் சேர்ந்த காலத்தில் கொழுகொழுக் குழந்தைப் போட்டிகளுக்குப் பால்மாக் கம்பனிகள் பரிசளித்தன. படங்களை முன்பக்கத்தில் போட்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். இலங்கை பின்னர் தனக்கென ஒரு கோவையை வகுத்துக்கொண்டது. 2016 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மாத்திரமே பருகுவதாக அறியப்பட்டமை எங்கள் மருத்துவிச்சிமாரின் சாதனை.

இந்தப் புள்ளிவிபரங்களையெல்லாம் மகளுக்கு அனுப்பிவைத்தேன். உன் பிள்ளைக்கும் ஒவ்வாமை என்பது வியாபாரிகள் கட்டிய கதையாக இருக்கலாம் என்றும் எழுதினேன். பதில் இரண்டு நாட்களாக வரவில்லை. பிறகு ஒரே வரி வந்தது: "அப்பா, மலத்தில இரத்தம் வந்திருக்கு."

பத்திரிகைக்காரனுக்கு இலட்சக்கணக்கு முக்கியம். தாய்க்கு ஒரு பிள்ளை. ஊரில் நோய் மிகையாகக் கண்டறியப்படுகிறது என்பது உண்மையாக இருக்கலாம். என் வீட்டில் அந்த நோய் இல்லை என்பதற்கு அது ஆதாரமாகாது. இந்த எளிய தருக்கத்தை நான் தவறவிட்டேன்.

வைத்தியர் விசேட பால்மாவை எழுதிக் கொடுத்தார். மகள் தாய்ப்பாலையும் கொடுத்து வந்தபடியால் அவளும் பால் நீக்கிய பத்தியம் காக்க வேண்டுமென்றார். பிள்ளைப்பேற்றுக்காக அங்கு போயிருந்த என் மனைவி பத்தியத்தில் பழுத்த அனுபவசாலி. பால் கூடாது என்றதும் அன்றே சொதியை நிறுத்தினார். கறிகளுக்குத் தேங்காய்ப்பால் விடுவதை நிறுத்தினார். பெற்ற உடம்புக்குப் பலம் வேண்டுமென்று நெய்யில் வதக்கினார். தேநீருக்குத் தொட்டுக்கொள்ள வெண்ணெய் பிஸ்கற் கொடுத்தார். இப்படிப் பத்து நாட்கள் கழிந்தன. யாழ்ப்பாணத்து அடுப்படியில் பால் என்றால் முதற்பாலும் கப்பிப்பாலும்தானே! ஆங்கில வைத்தியருக்கு இது எப்படித் தெரியும்? மகள் கண்டுபிடித்துத் தலையில் அடித்துக்கொண்டாள். சொதி மீண்டது, நெய் போயிற்று, கல்சியம் குளிசை வந்தது.

நான்கு வாரத்தில் இரத்தம் நின்றது. அழுகை பாதியாகக் குறைந்தது. கக்குவது மட்டும் முன்போலவே இருந்தது. அதற்கும் ஒவ்வாமைக்கும் தொடர்பில்லை என்று அதனால் தெரிந்தது. மகளைப் பொறுத்தவரை விடயம் முடிந்துவிட்டது. ஆனால் வைத்தியர், பழைய பால்மாவை மறுபடியும் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அவள் திகைத்துப் போனாள். சுகமான பிள்ளைக்குத் தெரிந்துகொண்டே நஞ்சைக் கொடுப்பதா என்று என்னிடம் அழுதாள்.

இந்த மறுபரீட்சைதான் முழு விடயத்தினதும் உயிர்நிலை என்பது என் கருத்து. இந்தத் தாமத வகை ஒவ்வாமையை இரத்தப் பரிசோதனையோ தோற்பரிசோதனையோ காட்டித் தராது. குழந்தை வளர வளர அழுகை தானாகவும் குறையும். அந்தப் புகழை அப்போது கையிலிருக்கும் ரின் தட்டிச் சென்றுவிடும். மீண்டும் கொடுத்து, அறிகுறி மீண்டால்தான் ஒவ்வாமை உறுதி. இதைச் செய்யாமல் விடுவதனாலேயே எத்தனையோ பிள்ளைகள் தேவையற்ற பத்தியத்தில் வளர்கிறார்கள். எத்தனையோ தாய்மார் தங்கள் பாலே விஷமென்று நம்பித் தாய்ப்பாலை நிறுத்திவிடுகிறார்கள். ஒன்றை மாத்திரம் அழுத்திச் சொல்லவேண்டும். பால் குடித்த சில நிமிடங்களில் முகம் வீங்கித் தடித்து, மூச்சு இழுக்கும் உடனடி வகை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு வீட்டில் இந்தப் பரீட்சை கூடவே கூடாது.

மூன்றாம் நாள் இரத்தம் திரும்பி வந்தது. மகள் அதனை எனக்கு அறிவித்தபோது அவளுடைய குரலில் துயரத்தைவிட நிம்மதியே மேலோங்கியிருந்தது. நான்கு ரின்கள் சொல்லாததை அந்த மூன்று நாட்கள் சொல்லின. என் புள்ளிவிபரக் கடிதத்தைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

விலையுயர்ந்த ரின்னில் கூடுதல் போஷாக்கு இருக்குமென்று இன்னும் நம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. பிரித்தானியாவின் போட்டி மற்றும் சந்தைகள் அதிகார சபை 2025 பெப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில், சட்டப்படி எல்லாச் சாதாரணக் குழந்தைப் பால்மாக்களும் போஷாக்குத் தேவையை நிறைவு செய்கின்றன, மலிவானதும் அப்படித்தான் என்பதைப் பெற்றோருக்குத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. ஒவ்வாமை இல்லாத பிள்ளையின் பெற்றோர் கையிலுள்ள காசுக்கு ஏற்றதை வாங்கிவிட்டு நித்திரை கொள்ளலாம், பிள்ளை விட்டால்.

பேத்திக்கு ஒரு வயது கடந்த பின் பால் ஏணி என்ற ஒன்றில் ஏற்றினார்கள். ஆறு படிகள். முதற்படியில் பால் சேர்த்துச் சுட்ட பிஸ்கற், பிறகு மபின், பிறகு பான்கேக், பாற்கட்டி, தயிர், கடைசியாகப் பால். ஒவ்வொரு படியிலும் வாரக்கணக்கில் தரித்து நின்றாள். பாற்கட்டியில் ஒரு முறை சறுக்கிக் கீழே வந்து திரும்ப ஏறினாள். 2025 தைப்பொங்கலன்று காலையில் மனைவி இலண்டனிலிருந்து அழைத்து, பிள்ளை இரண்டு கிண்ணம் பாற்பொங்கல் சாப்பிட்டுவிட்டு ஓடித் திரிகிறாள் என்றார்.

எந்தப் பால் என்று கேட்டேன்.

"பசுப்பால்தானப்பா" என்றார்.