காலித் தோட்டாவை மறுபடி நிரப்பலாமா?

ரீல்ஸில் நீங்களும் பார்த்திருக்கலாம். அமெரிக்காவில் ஒருவர் வீட்டு மேஜை முன் உட்கார்ந்து, சின்ன மெஷினின் கைப்பிடியை மேலும் கீழும் இழுக்கிறார். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகள் ஒரு பக்கம் போக, மறுபக்கம் பளபளவென்று தோட்டாக்கள் வந்து விழுகின்றன. இதற்கு ‘ரீலோடிங்’ என்று பெயர். பார்த்தால் இட்லித் தட்டில் மாவு ஊற்றுவதுபோல சுலபமாகத் தெரிகிறது. நிஜமாகவே சுலபமா? நம் ஊரில் செய்யலாமா? இந்த வாரம் அதைத் தெரிந்துகொள்வோம்.

நம்ம திண்டுக்கல்லுக்கு வெடிமருந்து புதிதல்ல. 1755-ல் இங்கே அதிகாரியாக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு ஆயுதச் சாலையே நடத்தினார். அந்தக் காலத் துப்பாக்கியில் ஒவ்வொரு தடவையும் குழல் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடிக்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் தருவது பற்றிப் பேசும்போது, 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இன்றைக்கும் இந்த வகைத் துப்பாக்கியைத்தான் குறிப்பிடுகிறது.

பிஸ்டல் கதை வேறு. அதன் தோட்டாவில் நான்கு பாகங்கள். வெளியே பித்தளைக் கூடு. அடியில் தட்டினால் தீப்பொறி கக்கும் பிரைமர். உள்ளே மருந்து. மேலே குண்டு. சுட்ட பிறகு மிஞ்சுவது கூடு மட்டும்தான். அதில் புது பிரைமர், மருந்து, குண்டு வைப்பதுதான் ரீலோடிங்.

எங்கே ஆபத்து?

மருந்தின் அளவில். ஒரு கூட்டில் தவறுதலாக இரண்டு தடவை மருந்து விழுந்துவிட்டால், அழுத்தம் தாங்காமல் துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். மருந்தே விழாமல் போனால் இன்னொரு சிக்கல். பிரைமர் மட்டும் வெடிக்கும். ‘டமார்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘புஸ்’ என்று ஒரு சத்தம். குண்டு வெளியே வராமல் குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் சுட்ட வேகத்திலேயே காலிக் கூடு வெளியே தெறிக்கும். அடுத்த தோட்டா தானாக உள்ளே ஏறும். மருந்தில்லாத தோட்டாவில் பெரும்பாலும் இப்படி நடக்காது. அடைப்பு இருப்பது தெரியாமல், அடுத்த தோட்டாவைக் கையால் ஏற்றி இன்னொரு தடவை விசையை அழுத்தினால், பின்னால் வரும் குண்டு முன்னால் சிக்கிய குண்டில் மோதும். குழல் பிளந்துவிடலாம். சத்தம் வித்தியாசமாக இருந்தால் உடனே சுடுவதை நிறுத்த வேண்டும் என்று பயிற்சி மையங்களில் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இதற்கு அனுமதி உள்ள நாடுகளில் அனுபவசாலிகள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு அந்த ரீல்ஸில் தெரியாது. மேஜையில் ஒரே வகை மருந்துதான் இருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் மருந்துகள் எரியும் வேகம் வேறு வேறு. அளவை உற்பத்தியாளரின் கையேட்டிலிருந்துதான் எடுப்பார்கள். யாரோ சொன்னதை நம்பமாட்டார்கள். குண்டு பொருத்தும் முன் ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் எட்டிப் பார்ப்பார்கள். கண்ணாடி அணிவார்கள். சிகரெட், டி.வி., போன் மூன்றும் அந்த அறைக்குள் கிடையாது. ஈயத்தூள் ஒட்டியிருக்கும் என்பதால் கை கழுவாமல் சாப்பிட மாட்டார்கள். சிவகாசியில் மருந்து கலக்கும் அறைக்கு எவ்வளவு கட்டுப்பாடோ, அதே கட்டுப்பாடு இங்கேயும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பதை ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு தடை செய்கிறது. தோட்டாவின் பாகங்களும் அதைத் தயாரிக்கும் மெஷினும்கூட சட்டத்தின் கண்ணில் ‘தோட்டா’தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சட்டவிரோதத் தயாரிப்புக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள். துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கிறதே என்றால், அது வைத்திருப்பதற்கான அனுமதி. தோட்டா தயாரிப்பதற்கான அனுமதி அல்ல. வீடியோ பார்த்து மெஷின் ஆர்டர் செய்ய நினைக்கும் தம்பிகள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படித்துவிடுங்கள்.

வீட்டில் பழைய தோட்டா கிடைத்தால்?

தாத்தா காலத்து பீரோவில், பரணில், தோட்டத்து வீட்டில் தோட்டா ஏதாவது தட்டுப்பட்டால் தொடாதீர்கள். சுத்தியலால் தட்டுவது, அடுப்பில் போடுவது, பழைய இரும்புக்காரருக்குக் கொடுப்பது எதுவும் வேண்டாம். ‘ரொம்பப் பழசு, வெடிக்காது’ என்று முடிவு கட்டவும் வேண்டாம். குழந்தைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு 112-க்கோ பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கோ போன் செய்யுங்கள். லைசென்ஸ் காலாவதியாகிவிட்டால், துப்பாக்கியையும் தோட்டாவையும் தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும்.

துப்பாக்கி சுடுவதில் ஆசையுள்ள பிள்ளைகளுக்கு நல்ல வழி இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கிய 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெடிமருந்தே கிடையாது. அழுத்தப்பட்ட காற்றுதான் 4.5 மில்லிமீட்டர் குண்டைத் தள்ளுகிறது. ரைஃபிள் கிளப்பில், பயிற்சியாளர் கண் முன்னால் கற்றுக்கொள்ளலாம். வீட்டு மேஜை, பிள்ளைகள் ஹோம்வொர்க் எழுதுவதற்கு மட்டும் இருக்கட்டும்.