செங்கல்லும் செஞ்சதுக்கமும்

மேல்சித்தாமூர்ல இருந்து ரஷ்யாவுக்கு டாக்டருக்குப் படிக்கப் போன சித்தப்பா பொண்ணு நேத்து போன்ல ஒரே புலம்பல். "சிவப்புக்கு இத்தனை வாலாண்ணா? நம்ம தமிழ் எவ்ளோ ஈஸி!"

இப்படிப் பேசுற மக்களுக்குத்தான் இந்தப் பதிவு.

ரஷ்ய மொழியில் பெயர்ச்சொல்லின் பாலுக்கேற்பப் பெயரடை மாறும். வீடு ஆண்பால்: கிராஸ்னி தோம். சதுக்கம் பெண்பால்: கிராஸ்னயா ப்ளோஷத். தொண்டை ரெண்டும் இல்லை: கிராஸ்னயே கோர்லா. வேற்றுமை வந்தா இன்னும் மாறும்.

சரி, நாம மட்டும்? செங்கல், செந்தமிழ், செம்மண், செவ்வானம், சேவடி. ஒரே செம்மை, அஞ்சு வேஷம்! இதுக்கு நன்னூலில் விதி எழுதினவர் 13ஆம் நூற்றாண்டுச் சமண முனிவர் பவணந்தி. சமண மடம் இருக்கிற ஊர்க்காரிக்கே அது ஞாபகமில்லை. ஆனாலும் 'செம்கல்'னு அவ ஒருநாளும் சொன்னதில்லை. ஏன்னா செம்மையைத் தனியாப் படிக்கலை, கல்லோட சேர்த்தே கேட்டா.

அதனால விகுதிப் பட்டியலை மட்டும் உருப்போடச் சொல்ற வாத்தியாருங்க மேலதான் எனக்குக் கடுப்பு. நோயாளி வாயைத் திறந்து காட்டும்போது பட்டியலா ஞாபகம் வரும்?

இன்னொண்ணு. செஞ்சதுக்கம் 1917க்கு அப்புறம் கம்யூனிஸ்டுகள் வெச்ச பேர்னு அடிச்சு விடாதீங்க சாமி. 17ஆம் நூற்றாண்டுப் பேர் அது. அப்போ 'கிராஸ்னி'க்கு அழகானன்னும் அர்த்தம். இப்போ அழகுக்கு 'கிராஸீவி'.

சிரிக்காதீங்க. செந்தமிழ் மட்டும் என்ன, சிவப்பாவா இருக்கு? :-)