271 மதிப்பெண்ணும் தகுதி பேசும் வாய்களும்

"டென்த்ல எவ்வளவு மார்க்?" பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் என்னிடம் கேட்ட கேள்வி இது. 500-க்கு 271 என்றேன். "ஓ, செவன் பாயின்ட் ஃபைவா?" என்று சிரித்தார் கேட்டவர். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதில்.

என் ஊர் தர்மபுரி மாவட்டம் கடத்தூர். ஊர் என்பது வாய்ப்பேச்சுக்கு. நாங்கள் இருப்பது காலனியில். அம்மா வெற்றிலைத் தோட்டத்தில் கூலி. அப்பா பெங்களூரில் கட்டட வேலை. அங்கே வேலை மும்முரமாக இருக்கும் மாதங்களில் அம்மாவும் போவார். தம்பியைப் பார்த்துக்கொள்ள நானும் போவேன். ஒன்பதாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வையே எழுதவில்லை. பத்தாம் வகுப்பில் பாதி ஆண்டுவரை கணக்குக்கு ஆசிரியர் இல்லை. பிறகு வந்தவரோ, "உனக்கெல்லாம் எதுக்கு டாக்டர் ஆசை?" என்றார். 'உனக்கெல்லாம்' என்ற சொல்லில் என்ன இருந்தது என்பது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

271 என் மூளையின் அளவு அல்ல. வகுப்பறையில் உட்கார எனக்குக் கிடைத்த நாட்களின் கணக்கு.

2020-ல் நீட் எழுதித் தோற்றேன். 2021-ல் தேறினேன். 2022 தொடக்கத்தில் நடந்த கலந்தாய்வில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. 2020-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய அந்த மசோதாவை ஆளுநர் ஒன்றரை மாதம் கிடப்பில் போட்டார். போராட்டங்கள் நடந்த பிறகே கையெழுத்து வந்தது. யாரும் போட்ட பிச்சை அல்ல அது. அதில் வருபவரும் நீட்டில் தேறித்தான் ஆக வேண்டும்.

சரி, தகுதியைக் காப்பவர்களிடம் ஒரு கேள்வி. 2020-21-ல் நாடு முழுக்கச் சுமார் 7,000 பல் மருத்துவ இடங்கள் காலியாகக் கிடந்தன. அவற்றில் அரசுக் கல்லூரி இடங்கள் 265 மட்டுமே; மற்றவை எல்லாம் தனியாருடையவை. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நீட் தகுதி வரம்பை 10 பெர்சன்டைல் குறைக்கச் சொன்னது. கட்டணத்தைக் குறைப்பது பற்றியோ, தனியார் கல்லூரிகள் யோசிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னது. 2023-ல் முதுநிலை மருத்துவ நீட் தகுதி வரம்பு பூச்சியம் பெர்சன்டைல் ஆனது. அப்போது எங்கே போனது உங்கள் தகுதி? நோயாளியின் உயிர் பற்றிய கவலை எங்கே போனது?

தனியார் கல்லூரியில் இடம் காலியாக இருந்தால் தகுதி கீழே இறங்கும். காலனியிலிருந்து ஒரு பெண் வந்தால் அதே தகுதி ஏணியில் ஏறி நிற்கும். இதற்குப் பெயர் தகுதி அல்ல, சாதி.

2007 முதல் நீட் வரும்வரை தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணில்தான் சேர்க்கை நடந்தது. அப்படிப் படித்தவர்களிடம்தான் இன்று நீங்கள் பல் பிடுங்கிக்கொள்கிறீர்கள்; யாருடைய தாடையும் உடைந்துவிடவில்லை.

7.5 எங்களுக்குக் கிடைத்த முதலுதவி; நோய் தீர்ந்துவிடவில்லை. நீட் ஒழிய வேண்டும். அரசுப் பள்ளியில் ஓர் ஆசிரியர் பணியிடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. வேலை தேடி இடம்பெயரும் கூலிகளின் பிள்ளைகளுக்கு ஊரிலேயே விடுதி வேண்டும்.

என் வாயை ஆராய்ந்து மதிப்பெண் கேட்பவர்களே, உங்கள் கல்லூரியில் காலியாகக் கிடந்த இடத்தின் விலையை முதலில் சொல்லுங்கள்.