ஊரூட்டம்பலத்தின் கருகிய பெஞ்சு

நெய்யாற்றின்கரைக்கு அருகேயுள்ள ஊரூட்டம்பலம் அரசுப் பள்ளியில் பாதி கருகிய பெஞ்சு ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. தலித் சிறுமி பஞ்சமியை 1914இல் அய்யன்காளி அழைத்துச் சென்று அங்கு வகுப்பில் அமர்த்தினார். அதைப் பொறுக்காத சாதி வெறியர்கள் பள்ளியையே கொளுத்தினர். அதற்கு முன்பே, 1904இல் வெங்ஙானூரில் அவர் எழுப்பிய ஓலைக் கொட்டகைப் பள்ளிக்கும் தீ வைத்திருந்தனர். எங்கள் பிள்ளைகளைச் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று விவசாயத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துதான் அந்தக் கதவை அசைக்க வேண்டியிருந்தது.

தீ அதற்கும் மூத்தது. தோள்சீலைப் போராட்டத்தின் இறுதிக் கட்டமான 1858-59இல் நெய்யாற்றின்கரை, பாறசாலை, நெய்யூர், கோட்டாறு என வன்முறை பரவியது. நாடார் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. அவர்கள் கூடிய ஜெபக்கூடங்களும் பிள்ளைகள் படித்த பள்ளிகளும் எரிக்கப்பட்டன. 1859 ஜூலை 26 அன்று வெளியான திருவிதாங்கூர் மன்னரின் பிரகடனம் தோளை மறைக்க அனுமதித்தது. ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு! மன்னரின் கருணை அவ்வளவுதான்.

அழிப்பது ஆதிக்கத்தின் முதல் வேலை. அழிக்கவே இல்லை என்று சாதிப்பது இரண்டாவது வேலை. அஜர்பைஜானின் நக்சிவான் பகுதியில், ஆராஸ் ஆற்றங்கரையில் உள்ள ஜூல்ஃபாவில் ஆர்மீனியரின் பழம்பெரும் இடுகாடு இருந்தது. ஆயிரக்கணக்கான சிலுவைக்கற்கள் அங்கு நின்றன. 2005 டிசம்பரில் ராணுவத்தினர் எஞ்சிய கற்களைச் சம்மட்டியால் நொறுக்கி ஆற்றில் கொட்டியது எதிர்க்கரையான ஈரானிலிருந்து படமாக்கப்பட்டது. அரசோ அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றது.

ஜூல்ஃபா நமக்கு அந்நியமல்ல. அங்கிருந்து 1604-05இல் பாரசீக மன்னன் ஷா அப்பாஸ் பெயர்த்துச் சென்ற மக்களின் வழிவந்த வணிகர்களே பின்னாளில் சென்னையில் குடியேறினர். ஆர்மீனிய மொழியின் முதல் இதழ் 1794இல் சென்னையில்தான் அச்சானது. அவர்கள் வாழ்ந்த ஆர்மீனியன் தெரு மக்கள் வாயில் அரண்மனைக்காரன் தெருவாகிவிட்டது. அது மறதியால் நேர்ந்த திரிபு. ஜூல்ஃபாவில் நடந்தது திட்டமிட்ட அழிப்பு.

இங்கே சம்மட்டி தேவைப்படவில்லை, கத்தரிக்கோலே போதுமானதாயிற்று. 9ஆம் வகுப்பு வரலாற்று நூலில் தோள்சீலைப் போராட்டத்தைச் சொன்ன பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி கேட்கக்கூடாது என்று 2016இல் சிபிஎஸ்இ சுற்றறிக்கை விட்டது. 2019இல் என்சிஇஆர்டி, பாடச்சுமையைக் குறைப்பதாகக் கூறி, உடையின் சமூக வரலாறு என்ற அத்தியாயத்தையே நீக்கியது. கிழிக்கப்பட்ட மேலாடை இந்த நாட்டின் குழந்தைகளுக்குச் சுமையாம்!

1956 மாநில எல்லை இந்த வரலாற்றையும் இரண்டாக வகிர்ந்தது. பாறசாலை கேரளத்தில், நெய்யூர் தமிழகத்தில். 2023 மார்ச் 6இல் நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாம் ஆண்டை இரு மாநில முதல்வர்களும் ஒரே மேடையில் நினைவுகூர்ந்தனர். மேடையோடு அது நின்றுவிடக்கூடாது. எரிக்கப்பட்ட கூடங்களும் பள்ளிகளும் இருந்த ஊர்களை இரு அரசுகளும் கூட்டாகப் பட்டியலிட வேண்டும். லண்டன் மிஷன் ஊழியர்களின் அக்கால அறிக்கைகளைத் தமிழிலும் மலையாளத்திலும் பெயர்த்து, எல்லைக் கிராமங்களின் நூலகங்கள் அனைத்திலும் வைக்க வேண்டும். ஒன்றிய அரசு நீக்கிய பாடத்தை இரு மாநிலங்களும் தத்தம் பாடநூல்களில் விரிவாகச் சேர்ப்பதை எவரும் தடுக்க முடியாது.