உயர்தர மாணவரும் ‘சமநிலை’ உபதேசமும்

பரிசளிப்பு விழாக்களுக்குப் பிரதம விருந்தினராக வருவோர் உயர்தர வகுப்பு மாணவருக்குத் தவறாது வழங்கும் உபதேசம் ஒன்றுண்டு. படிப்பில் ஊக்கமாயிருங்கள், விளையாட்டையும் நாடகத்தையும் சங்கத்தையும் நட்பையும் கைவிடாதீர்கள், இரண்டையும் சமன் செய்துகொள்ளுங்கள் என்பதே அது. சபையோர் கைதட்டுவர். மேடையிலிருந்து இறங்கும் விருந்தினர் தம் பிள்ளையை மாலை வகுப்பிலிருந்து ஏற்றிச் செல்ல விரைவார். இவ்வுபதேசம் வெறும் பொய்யெனின் பெருந்தீங்கில்லை. சமுதாயம் ஒன்று கூடிச் செய்த தவறினைப் பதினேழு வயதுப் பிள்ளையின் நேரசூசிக் குறைபாடாக மாற்றிவிடுவதே இதன் கொடுமை.

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கணிதம் அல்லது உயிரியல் பிரிவிற் கற்கும் மாணவனொருவனது நாளினை நோக்குக. பாடசாலை பிற்பகல் 1.30க்கு முடியும். அதன்பின் இரசாயனவியலுக்கு ஓரிடம், பௌதிகவியலுக்கு வேறோரிடம் எனச் சைக்கிள் ஓடும். சனியும் ஞாயிறும் ரியூட்டரிக்கே உரியன. இரவு கடந்தகால வினாத்தாள்களுக்கு உரியது. பரீட்சை நெருங்கும் தவணையிற் பாடசாலை மேசைகள் வெறுமையாகின்றன. பாடசாலைப் பரீட்சார்த்திக்கு 80 வீத வரவு வேண்டுமென்ற விதியும் வைத்தியச் சான்றிதழின் முன் வலுவிழந்து நிற்கும். இத்தகையவனிடம் சமன் செய்யெனக் கூறுவோர் தராசின் மறுதட்டு எங்கேயுள்ளது என்பதையும் காட்டுதல் வேண்டும்.

தமிழ் மாணவரின் இவ்வோட்டத்திற்கு வரலாறு உண்டு. 1971ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவத் துறைக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 400க்கு 229 புள்ளிகள் போதுமாயிருந்தன. தமிழ் மொழிமூல மாணவர் 250 பெறவேண்டியிருந்தது. மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடும் அரசியலில் விளைவித்தவை பலராலும் எழுதப்பட்டுள்ளன. வீட்டினுள்ளே அவை விளைவித்தவை குறைவாகவே எழுதப்பட்டுள்ளன. உத்தியோகத்தையே வாழ்வெனக் கொண்டிருந்த நடுத்தர வர்க்கம், ஒரு புள்ளியேனும் சிந்தக்கூடாது என்ற அச்சத்தைப் பிள்ளைகளின் மாலைப்பொழுதின்மேல் ஏற்றிற்று. அச்சம் நியாயமானதே. ஆனால் நியாயமான அச்சத்தின்மேல் நியாயமற்ற வணிகமொன்று கட்டப்பட்டது.

இன்றைய நடைமுறையில், கலைத்துறை நீங்கலான பெரும்பாலான துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. பின்தங்கிய பிரதேசத்துப் பிள்ளைக்கு இவ்வேற்பாடு வாயில் திறந்துவிட்டமை மறுக்கற்பாலதன்று. எனினும் வகுப்பறையினுள் அது செய்யும் வேலை வேறு. பெரும்பாலான இடங்களுக்கான போட்டி மாவட்டத்தினுள்ளேயே நிகழ்வதால், மாணவனது போட்டியாளன் கொழும்பில் இல்லை. அடுத்த மேசையில் இருக்கின்றான். 2001 முதல் நடைமுறையிலுள்ள இசட் புள்ளியோ நான்கு தசம தானங்கள் வரை கணிக்கப்படுகின்றது. நான்காம் தசமத்தில் நண்பன் முந்திவிடுவான் என்றறிந்த பிள்ளை தன் குறிப்புக் கொப்பியை மறைத்துவைப்பது ஒழுக்கக் கேடென்று நன்னெறிப் பாடம் நடத்துவதிற் பயனில்லை. மறைக்கும்படி கற்பித்தது பரீட்சையே.

இவ்வாறிருக்க, ரியூட்டரியே இன்று மாணவரின் சமூக வாழ்வாகிவிட்டதென்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆண்பாடசாலை மாணவனும் பெண்பாடசாலை மாணவியும் ஒரே கூரையின்கீழ் அமரும் இடம் அதுவே. வகுப்பு முடிந்தபின் ஒழுங்கை முகப்பிற் சைக்கிளை நிறுத்திக் கதைக்கும் அந்தப் பத்து நிமிடங்கள் அவர்களது மன்றமும் மைதானமும் ஆகும். சிறப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு வகுப்பொன்றே வீட்டைவிட்டு வெளியேறுவதற்கான அனுமதிச்சீட்டு. நாடக ஒத்திகைக்கு ஆறு மணிவரை நிற்கவிடாத தந்தை, பௌதிகவியலுக்கு ஏழு மணிவரை நிற்கவிடுகின்றார். பொழுது இருட்டுவது இரண்டிற்கும் ஒன்றுதான். எனவே ரியூட்டரிகளை இழுத்து மூடுவோமென முழங்குவோர், பிள்ளைகளிடம் எஞ்சியுள்ள சிறு வெளியையும் பறிப்பர். பாடசாலை அவ்வெளியை முதலில் மீளக் கொடுக்கட்டும்.

ஏழைப் பிள்ளைக்குப் படிப்பைத் தவிர வேறு ஏணி இல்லை. அவனுக்கு நாடகமும் விவாதமும் எதற்கு என்று கேட்போரும் உளர். இக்கேள்வியிற் கரிசனை போலத் தோன்றுவது உண்மையில் அவமதிப்பு. தோட்டத்து லயத்தில் தண்ணீர் சுமந்து, தங்கையைப் பராமரித்து, எஞ்சிய நேரத்திற் படிக்கும் பிள்ளைக்கு மேடையிற் பேசப் பழக்கும் வேறு இடம் எது? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பேச்சையும் பழக்கத்தையும் உறவினரிடமும் விருந்தினரிடமும் கற்றுக்கொள்ளும். வறிய பிள்ளைக்குப் பாடசாலைச் சங்கத்தைத் தவிர வேறு வாய்ப்பில்லை. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி அப்பிள்ளைக்குப் புள்ளிகளை மட்டும் வழங்குவதற்காக எழுந்ததன்று. இன்று அப்புள்ளிகளும் இலவசமாகக் கிடைப்பதில்லை. பாடத்திற்கு இவ்வளவு, மாதத்திற்கு இவ்வளவு என விலை குறிக்கப்பட்டுள்ளது.

இதன் அறுவடை பல்கலைக்கழக வாயிலுக்கே வந்து சேர்கின்றது. இரண்டாண்டுகள், பலருக்கு மூன்றாண்டுகள், எவருடனும் கூடி ஒரு காரியத்தைச் செய்யாதவர், தம்மோடு முரண்படும் ஒருவரை இறுதிவரை செவிமடுத்துப் பழகாதவர், ஒரே விடுதியில் வந்து குவிகின்றனர். கூடிவாழப் பழகாத இக்கூட்டத்திற்கு ‘ஒற்றுமை’யைக் கற்பிக்கும் உரிமை தமக்குண்டெனப் பகிடிவதைக்காரர் புறப்படுகின்றனர். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது; ஒழித்துவிடவில்லை. வதைப்பவரும் வதைபடுபவரும் ஒரே வறட்சியின் விளைவுகள் என்பது பகிடிவதைக்கு மன்னிப்பாகாது. ஆயினும் அதன் வேர் விடுதியில் மட்டும் இருப்பதாக எண்ணுவது தவறு.

பல்கலைக்கழகத்தார் இவ்விடயத்தில் வெறும் பார்வையாளரல்லர். உயர்தரப் பரீட்சையின் வினாத்தாள்களை ஆக்குவதிலும் விடைத்தாள்களைத் திருத்துவதிலும் விரிவுரையாளர் பங்குகொள்கின்றனர். மனனத்திற்கும் வேகத்திற்கும் புள்ளி வழங்கும் வினாக்கள் ரியூட்டரியின் முதலீடாகும். அம்முதலீட்டை மீளப்பெறும் வல்லமை வினா ஆக்குவோரிடம் உண்டு. மாணவரோ வார இறுதியில் ஊருக்குச் சென்று அதே ரியூட்டரிகளிற் கரும்பலகைக்கு முன் நிற்கின்றனர். விடுதிச் செலவுக்கு அவ்வருமானம் பலருக்குத் தேவைதான். அதனைப் பழித்தல் எளிது, ஈடு செய்தல் அரிது. ஆனால் நாடகத்தை நிறுத்து, சங்கத்தை விடு, வெட்டுப்புள்ளியை நினை என்று அவ்வகுப்பறைகளில் அவர்கள் கூறும் வார்த்தைகளுக்கு எந்த வறுமையும் கட்டாயப்படுத்தவில்லை. திங்கட்கிழமை வளாகத்திற்குத் திரும்பி, சங்கக் கூட்டங்களுக்குப் புதுமுக மாணவர் வருவதில்லையே எனக் குறைப்படுவோரும் அவர்களே.