சிறிய அணு உலை: மின்சாரம் ஆலைக்கு, சுமை யாருக்கு?

புது தில்லி: 2025 டிசம்பரில் மக்களவையும் மாநிலங்களவையும் அடுத்தடுத்த நாள்களில் "சாந்தி" மசோதாவை நிறைவேற்றின. நாடாளுமன்றக் குழுவின் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்ற எதிர்க்கட்சிகளின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம், 2010-ஆம் ஆண்டின் அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம் ஆகிய இரண்டையும் நீக்கிவிட்டு, அணுமின் உற்பத்தியில் தனியாருக்கு இடமளிக்கிறது இப்புதிய சட்டம். இதன் பலனை முதலில் பெறப்போவது சிறிய அணு உலைகள்தாம்.

2025 மத்திய பட்ஜெட்டில் இவற்றின் ஆராய்ச்சிக்கென ரூ.20,000 கோடி அறிவிக்கப்பட்டது. 2033-க்குள் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் குறைந்தது 5 சிறிய உலைகள், 2047-க்குள் மொத்தம் 1 லட்சம் மெகாவாட் அணுமின்சாரம் என்பது இலக்கு. 2025-இல் நாட்டின் அணுமின் திறன் 9,000 மெகாவாட்டைக்கூட எட்டியிருக்கவில்லை.

அரசு கூறும் காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. உருக்கு, அலுமினியம், சிமென்ட் ஆலைகளுக்கு இரவும் பகலும் தடையற்ற மின்சாரம் தேவை. சூரிய மின்சக்தியை மட்டும் நம்பி ஊதுலையை இயக்க முடியாது. நிலக்கரி மின்சாரத்தில் தயாரான பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் கரியமில வரி வேறு காத்திருக்கிறது. எனவேதான், 220 மெகாவாட் உலைகளைத் தங்கள் சொந்தத் தேவைக்கு அமைத்துக்கொள்ள விரும்பும் தொழில் நிறுவனங்களிடம் 2024 டிசம்பர் 31-இல் இந்திய அணுமின் கழகம் விருப்பம் கோரியது. நிலமும் முதலீடும் நிறுவனத்துடையவை. உலையை இயக்குவது கழகம். இதுதவிர, 200 மெகாவாட், 55 மெகாவாட் திறனில் புதிய வகை உலைகளை பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்து வருகிறது.

உண்மையில், சிறிய உலை இந்தியாவுக்குப் புதிதல்ல. கல்பாக்கம், நரோரா, காக்ரபார், கைகா எனப் பல இடங்களில் இயங்குவது இதே 220 மெகாவாட் உலைதான். அதிலிருந்து 540, பின்னர் 700 மெகாவாட் என்று வளர்ந்ததற்குக் காரணமே, பெரிய உலையில் யூனிட்டுக்கான செலவு குறையும் என்பதுதான். இப்போது சக்கரம் திரும்பிச் சுழல்கிறது. தொழிற்சாலையில் ஒரே அச்சில் பல உலைகளைத் தயாரித்தால் செலவு குறையும் என்கிறார்கள். அந்தக் கணக்கை இன்னும் எந்த நாடும் மெய்ப்பித்துக் காட்டவில்லை. அமெரிக்காவில் நியூஸ்கேல் நிறுவனத்தின் 462 மெகாவாட் திட்டம் 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. ஒரு மெகாவாட் மணிக்கு 58 டாலர் என்று சொல்லப்பட்ட விலை 89 டாலராக உயர்ந்ததும், வாங்குவதற்குப் போதிய நகராட்சிகள் முன்வரவில்லை.

செலவைவிடக் கவலை தருவது இழப்பீடு. 2010 சட்டப்படி, மின்உற்பத்தி உலை எதுவாயினும் விபத்து நேர்ந்தால் அதை இயக்குபவரின் பொறுப்பு ரூ.1,500 கோடி வரை இருந்தது. புதிய சட்டத்தில் இது உலையின் வெப்பத் திறனுக்கேற்ப மாறுகிறது. மிகப் பெரிய உலைக்கு ரூ.3,000 கோடி; 150 முதல் 750 மெகாவாட் வெப்பத் திறன் கொண்டவற்றுக்கு ரூ.300 கோடி, அதற்கும் கீழே ரூ.100 கோடி. 1989-இல் போபால் விஷவாயு வழக்கில் யூனியன் கார்பைடு தந்து முடித்துக்கொண்ட தொகையே 47 கோடி டாலர்; அன்றைய மதிப்பில் ரூ.700 கோடிக்கும் மேல். அது போதாது என்று கூறிப் பாதிக்கப்பட்டோர் உச்ச நீதிமன்றம் வரை சென்ற கதையை நாடறியும்.

வரம்புக்கு மேற்பட்ட தொகையை, ஓர் எல்லை வரை, மத்திய அரசு ஏற்கும். அதாவது, மின்சாரம் ஆலைக்கு, சுமை வரி செலுத்துவோருக்கு. குறைபாடுள்ள கருவியை விற்ற நிறுவனத்திடம் இழப்பீட்டை மீட்க 2010 சட்டம் அளித்திருந்த தனி உரிமையும் இப்போது இல்லை. ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தாலோ, வேண்டுமென்றே செய்த செயல் என்றாலோ மட்டுமே மீட்க முடியும். ஜெய்தாபூர், கொவ்வாடா திட்டங்கள் காகிதத்திலேயே தங்கியதற்கு அந்த உரிமைதான் முக்கியத் தடை என்று பிரான்ஸ், அமெரிக்க நிறுவனங்கள் நெடுநாள்களாகக் குறை கூறி வந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

சிறிய உலையில் கதிரியக்கப் பொருள் குறைவு, எனவே ஆபத்தும் குறைவு என்பது ஆதரவாளர்களின் வாதம். ஓர் உலையைத் தனியே எடுத்துக்கொண்டால் அது சரி. ஆனால், மூடப்படும் அனல்மின் நிலைய வளாகங்களிலும் ஆலைகளின் அருகிலும் இவற்றை அமைப்பதே திட்டம். அங்கெல்லாம் குடியிருப்புகள் நெருங்கியிருக்கும். எரிந்த எரிபொருளையும் பல ஆண்டுகள் அந்தந்த இடத்திலேயே குளிர்வித்துப் பாதுகாக்க வேண்டிவரும்.

கால அட்டவணையைப் பொருத்தவரை அணுசக்தித் துறையின் பழைய கணக்குகள் நம்பிக்கை ஊட்டுவதாக இல்லை. 2020-க்குள் 20,000 மெகாவாட் என்றார்கள். அவ்வாண்டு கையிலிருந்தது 6,780. கல்பாக்கம் அதிவேக ஈனுலைக்கு 2003-இல் ஒப்புதல் கிடைத்தது. அதன் உலைக்கலத்தை நிரப்பும் பணியே 2024 மார்ச்சில்தான் தொடங்கியது.

புதிய சட்டத்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டபூர்வ அந்தஸ்து கிடைத்திருக்கிறது. வாரியத்துக்குப் போதிய தன்னாட்சி இல்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012-இலேயே சுட்டிக்காட்டியிருந்தார். இதுவரை வாரியம் கண்காணித்தது, விரல்விட்டு எண்ணக்கூடிய வளாகங்களில் அரசுக் கழகம் இயக்கிய உலைகளை. தனியார் ஆலை ஒன்றின் உலையை மூடச் சொல்லும் நாள் வந்தால், அந்த உத்தரவு எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.